ரபாரிக் கண்ணாடித் தையல்: ஒரு தேளை வைத்துக் கற்றுக்கொள்வோம்

கண்ணாடி வைத்துத் தைத்த துணியைப் பார்த்தால் கண் முதலில் கண்ணாடிக்குத்தான் போகும். ஆனால் ரபாரிப் பெண்களின் கைவேலையில் கண்ணாடி இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது கோடு. ஒட்டகமா, தேளா, குடம் சுமக்கும் பெண்ணா என்பதைச் சங்கிலித் தையலில் ஓடும் அந்தக் கோடு முடிவு செய்கிறது. கண்ணாடிக்கு இடம் கிடைப்பது அதன் பிறகுதான். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பழகப் பழக வந்துவிடும். கண்ணாடிகளை முதலில் பரப்பிவிட்டு நடுவில் நூலை ஓட்டினால், எத்தனை மாதம் உழைத்தாலும் உருவம் எழுந்து நிற்காது. நானே அப்படி இரண்டு தலையணை உறைகளைத் தைத்து, பிறகு பிரித்திருக்கிறேன்.

ஒரு அடிக்கும் குறைவான சதுரத் துணி, நடுவில் ஒரு தேள், சுற்றிலும் கண்ணாடி பதித்த பட்டை. இதை முழுதாகத் தைத்து முடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும்.

தையலுக்கு உரியவர்கள்

ரபாரிகள் மேய்ச்சல் சமூகத்தினர். குஜராத்தின் கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளிலும் ராஜஸ்தானிலும் வாழ்கிறார்கள். ராஜஸ்தானில் ரைகா என்ற பெயரும் உண்டு. பார்வதி விளையாட்டாக மண்ணில் ஒட்டகத்தைப் பிசைந்தாள், சிவன் அதற்கு உயிர் கொடுத்தார், அந்த ஒட்டகத்தை மேய்க்கவே முதல் ரபாரியைப் படைத்தார் என்பது அவர்கள் சொல்லும் பிறப்புக் கதை. ஒட்டகத்தோடு ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு ஆண்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள். பெண்கள் கிடைத்த நேரத்தில் ஊசியை எடுத்தார்கள்.

கட்ச்சில் மட்டும் கச்சி, தேபரியா, வாகடியா என்று மூன்று பிரிவுகள் உள்ளன. அஞ்சார் பக்கம் தேபரியா, ராப்பரைச் சுற்றிய வாகட் பகுதியில் வாகடியா. மூவரின் உடையும் தையலும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. பெண்கள் போர்த்தும் கறுப்புக் கம்பளி முக்காட்டுக்கு லூடி என்று பெயர். அதற்கு வேண்டிய கம்பளி நூலை ரபாரிப் பெண்கள் நூற்பார்கள், வண்கர் நெசவாளர்கள் நெய்வார்கள், கத்ரி சமூகத்தினர் முடிச்சிட்டுச் சாயமேற்றுவார்கள். பூஜ் நகரை அடுத்த புஜோடியில் அந்த நெசவுக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு முக்காட்டுக்குள் மூன்று சமூகங்களின் கைகள் இருப்பதை அறிந்த பிறகு அதைச் சாதாரணத் துணியாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

தையல் பெரும்பாலும் சீதனத்துக்காகவே நடந்தது. துணிமணி வைக்கும் பெரிய பையான கோத்தளோ, வாசலுக்குத் தோரண், சுவருக்குச் சதுரமான சாக்ளா, மணமகளின் ரவிக்கை, பாவாடை, மாப்பிள்ளைக்குக் கேடியுன் என்னும் வெள்ளைக் குட்டைச் சட்டை. இத்தனையையும் தைத்து முடித்த பிறகுதான் பெண் புகுந்த வீட்டுக்குப் போக முடியும் என்ற நிலை வந்ததும் கலை சுமையாக மாறியது. 1995-ஆம் ஆண்டு தேபரியா ரபாரிகளின் பெரியவர்கள் கூடி, தங்கள் சமூகத்தினர் கைத்தையல் உடைகளைச் செய்யவும் அணியவும் தடை போட்டார்கள். அந்த முடிவு எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் இருபது வயதைக் கடந்தும் தையலை முடிக்க முடியாமல் தாய்வீட்டில் காத்திருந்த பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் அதைக் குறைசொல்ல வாய் வரவில்லை. தடைக்குப் பிறகு அதே பெண்கள் ரிப்பனையும் ஜரிகைப் பட்டையையும் மெஷினில் தைத்து ‘ஹரி ஜரி’ என்ற புது வழியை உண்டாக்கினார்கள். கைவினைஞர் பாபிபென் ரபாரியின் பைகள் அந்த வழியில் வந்து வெளிநாடுவரை போயின.

துணி, நூல், கண்ணாடி

கறுப்பு அல்லது அரக்கு நிறத்தில், சற்றுத் தடித்த பருத்தித் துணி 35 செ.மீ. சதுரமாக ஒன்று. திரைச்சீலைக்கு வாங்கும் கேஸ்மென்ட் துணி நன்றாக ஒத்துழைக்கும். இழுத்தால் நீளும் துணி வேண்டாம். அதே அளவில் மெல்லிய காடாத்துணி ஒன்றும் தேவை. இரண்டையும் முதல் நாளே தனித்தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் விடுவது நிற்கும்வரை அலசி, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் கண்ணாடியைச் சுற்றிய நூல் தளர்ந்துபோகும். பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

காடாவை அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து விரல் அகல இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டு இணையுங்கள். கண்ணாடியின் எடையைத் தாங்குவது இந்த இரட்டை அடுக்குதான். வட்டப் பிரேம் தேவையில்லை. மடியில் வைத்துத் தைக்கும் வேலை இது. பிரேமின் விளிம்பு அழுத்தினால் கட்டிய கண்ணாடி உடையவும் கூடும்.

நூல், கடைகளில் ஆறு இழையாகக் கிடைக்கும் பருத்தி எம்பிராய்டரி நூல். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கரும்பச்சை, அடர் ரோஜா ஆகியவை போதும். ஒரே நிறத்தின் வெளிர், அடர் சாயல்களை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ரபாரித் தையலில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையாது. மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை என்று முகத்துக்கு முகம் நிற்கும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீள நூல் துணிக்குள் போய்ப் போய்ப் பஞ்சாகிவிடும்.

கண்ணாடியைக் கட்ச்சில் ஆப்லா என்பார்கள். குஜராத்தின் கபட்வஞ்ச் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. கண்ணாடியைப் பெரிய குமிழாக ஊதி, உட்புறம் வெள்ளிப் பூச்சு ஏற்றி, உடைத்துச் சில்லுகளாக்குவார்கள். பழைய துணிகளில் உள்ள கண்ணாடிகள் லேசாக வளைந்திருப்பதற்குக் காரணம் அதுதான். அந்த வளைவால் ஒவ்வொரு சில்லும் வெளிச்சத்தை வேறு திசையில் வீசும். ரபாரிப் பெண்கள் வட்டத்தோடு நிற்பதில்லை. சதுரம், செவ்வகம், சாய்சதுரம், முக்கோணம், கிளிமூக்கு வடிவம் என்று வைக்கிறார்கள். பக்கத்துச் சமூகங்களின் வேலையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் இந்த வடிவ வகை முக்கியமானது.

நம் துண்டுக்கு 20 கண்ணாடிகள் வேண்டும். சதுரம் 3, வட்டம் 4, முக்கோணம் 13. ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. அளவில் ஃபேன்சி ஸ்டோர்களிலும் தையல் பொருள் கடைகளிலும் வெட்டியே கிடைக்கும். ஓரத்தை மெருகிடாத சொரசொரப்பான ஓட்டுத் துண்டில், தண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டு நிமிடம் தேயுங்கள். கூர்மையான ஓரம் நூலை உள்ளிருந்தே அறுக்கும். கண்ணாடித் தூள் மூச்சில் போகாமலிருக்கத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் தைப்பதென்றால் பிளாஸ்டிக் கண்ணாடி போதும். பெரியவர்கள் நிஜக் கண்ணாடியையே வாங்குங்கள், பிளாஸ்டிக் ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

கோடு

துணியின் நடுவில் 13 செ.மீ. உயரத்துக்குத் தேள். திறந்த வெளியில் மந்தையோடு தூங்குகிறவர்களுக்குத் தேள் அறிமுகமான உயிர். அதனால்தான் தையலிலும், பெண்கள் உடம்பில் குத்திக்கொள்ளும் பச்சையிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கும் இது நல்ல உருவம். நேர்கோடு, வளைவு, கூர்முனை மூன்றும் ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றன.

டெய்லர் சாக்கட்டியால் மிகக் குறைவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 2.2 செ.மீ. கீழே தலைக்கு ஒரு முக்கோணம். மேலே வால் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். காலையும் கொடுக்கையும் வாலின் வளைவையும் வரையாதீர்கள். அவற்றை ஊசியே வரையட்டும். அச்சில் எடுத்த படத்தின் மேல் தைத்தால் கோடு பிழையில்லாமல் வரும், ஆனால் உயிரில்லாமல் கிடக்கும். பழைய சாக்ளா ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் எந்த இரண்டு ஒட்டகமும் ஒரே அளவில் இருக்காது.

மூன்று இழை வெள்ளை நூலில் சங்கிலித் தையலைத் தொடங்குங்கள். ஊசியை மேலே எடுத்து, நூலை இடது கட்டைவிரலால் வளைத்துப் பிடித்து, வந்த துளையிலேயே ஊசியை இறக்கி, 2 அல்லது 3 மி.மீ. தள்ளி வளையத்துக்குள் மேலே எடுக்க வேண்டும். வளையம் துணியின் மேல் படுத்திருக்க வேண்டும், துணியைச் சுருக்கக் கூடாது. வளைவுகளில் கண்ணியைச் சிறிதாக்குங்கள். மூலைகளில் நேராகத் திரும்பினால் முனை மழுங்கிவிடும். கடைசி வளையத்தை ஒரு சிறு தையலால் துணியோடு பூட்டி, அந்த வளையத்துக்குள்ளிருந்தே புதிய திசையில் அடுத்த கண்ணியைத் தொடங்குங்கள். சதுரங்கள் சதுரமாகவே நிற்பதும் முக்கோணம் குத்துவதும் இந்தப் பூட்டினால்தான்.

கட்டங்களும் தலையும் முடிந்ததும் துணியைக் கை நீளத்தில் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரே மூச்சில் வால். மேல் கட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி முதுகை நோக்கி வளைய வேண்டும். இரண்டு கோடுகளாக, நுனியை நெருங்க நெருங்க ஒன்றுசேர்வதுபோலத் தைத்தால் வாலுக்குத் தடிமன் கிடைக்கும். தலையின் இரு பக்கமும் இரண்டு கொடுக்குகள். உடலின் இரு பக்கமும் நான்கு நான்காக எட்டுக் கால்கள். எண்ணிக்கை முக்கியம். தேளோடு வாழ்கிறவர்கள் ஆறு கால் தேளைத் தைக்க மாட்டார்கள்.

சுற்றுப்பட்டை எளிது. தேளைச் சுற்றி ஒரு சதுரக் கோடு, அதற்கு வெளியே நான்கு பக்கமும் 2.5 செ.மீ. தள்ளி இன்னொன்று. நான்கு மூலைகளையும் சிறு கட்டங்களாகத் தடுத்துவிட்டு, இடையில் மஞ்சள் நூலால் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் கோட்டை ஓட்டினால் முக்கோணங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு மூன்று முக்கோணங்களைக் கண்ணாடிக்கு ஒதுக்குங்கள். மூலைக் கட்டங்கள் நான்கும் வட்டக் கண்ணாடிகளுக்கு.

கண்ணாடியைக் கட்டுதல்

பசையால் ஒட்டுவது இங்கே கிடையாது. நூலால் ஒரு சட்டம் கட்டி, அந்தச் சட்டத்தையே வெளிப்புறமாக இழுத்து வைக்கிறோம். முதலில் வேறொரு வீணான துணியில் வட்டக் கண்ணாடியை வைத்து நான்கைந்து முறை பழகுங்கள்.

கண்ணாடியை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இழை நூலை 10 மணி இடத்தில் மேலே எடுத்து, கண்ணாடியின் மேல் குறுக்கே கொண்டுபோய் 2 மணியில் இறக்குங்கள். அடியிலேயே 4 மணிக்கு வந்து மேலெடுத்து, 8 மணியில் இறக்குங்கள். இப்போது இரண்டு படுக்கை நூல்கள். அடுத்து 7 மணியில் எடுத்து, மேலே போகும் வழியில் ஒவ்வொரு படுக்கை நூலையும் ஒருமுறை சுற்றிவிட்டு 11 மணியில் இறக்குங்கள். பிறகு 1 மணியில் எடுத்து, அதேபோலச் சுற்றி 5 மணியில் இறக்குங்கள். நடுவில் ஒரு சிறு சதுர ஜன்னல் தெரியும். ஊசி எப்போதும் கண்ணாடியின் ஓரத்தை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். ஒரு மி.மீ. தள்ளிப் போனாலும் கண்ணாடி ஆடும்.

இந்த நான்கு நூல்களும் வீணைத் தந்திபோல விறைப்பாக இருக்க வேண்டும். எனக்கு முதல் துண்டு முழுவதும் தோற்றது இங்கேதான். பார்க்க அழகாக இருந்தது, முதல் சலவையில் ஏழு கண்ணாடிகள் நழுவி வாளியின் அடியில் கிடந்தன. கட்டியவுடன் துணியைத் தலைகீழாகப் பிடித்து விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அசைந்தால் தயங்காமல் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

சட்டத்துக்கு மேல் வரும் சுற்றுத் தையல்தான் கண்ணாடிக்கு முகம் கொடுக்கிறது. மூன்று இழை வண்ண நூலை 6 மணி இடத்தில், கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி மேலெடுங்கள். ஊசியை ஜன்னலுக்குள்ளிருந்து சட்ட நூலுக்கு அடியில் நுழைத்து வெளிப்பக்கம் தள்ளுங்கள். ஊசியின் முனைக்கு அடியில் நூல் வளையம் இருக்கட்டும். காஜா எடுப்பது போலத்தான். இழுக்கும்போது சட்ட நூல் ஓரத்தை நோக்கி நகர்வது தெரியும். அடுத்து, நூல் துணியிலிருந்து வெளிவந்த துளையிலேயே ஊசியை இறக்கி, ஓரத்தை ஒட்டி 2 மி.மீ. முன்னால் எடுத்து ஒரு சங்கிலிக் கண்ணி போடுங்கள். மறுபடி சட்டத்துக்கு அடியில். மறுபடி துணியில் கண்ணி. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. சுற்றி முடிக்கும்போது சதுர ஜன்னல் வட்டமாகத் திறந்திருக்கும். இந்த மாற்றத்தை முதல்முறை கண்ட மாலையில் நான் சாப்பாட்டுக்கு எழவில்லை.

சதுரக் கண்ணாடிக்கு, நான்கு பக்கங்களுக்கும் இணையாக, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே நான்கு நூல்கள். முக்கோணத்துக்கு மூன்று. மூலைகளில் நூல்கள் ஒன்றையொன்று சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுத் தையல் இழுக்கும்போது கூர்முனை வெளியே வழுக்கிவிடும். மூலையில் மூன்று கண்ணிகளை நெருக்கிப் போடுங்கள்.

உடலின் மூன்று சதுரங்களை மூன்று நிறத்தில் கட்டுங்கள். தலை முக்கோணத்துக்குச் சிவப்பு. கண்ணாடி கண்ணேறைத் திருப்பி அனுப்பும் என்ற நம்பிக்கை அங்கே உண்டு. வாசல் தோரணில் கண்ணாடிகள் மிகுந்திருப்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இடைவெளிகளை நிரப்புதல்

இங்கே அளவாக இருங்கள். வாலின் இரண்டு கோடுகளுக்கு நடுவே மீன்முள் தையல், அதாவது மேலும் கீழும் சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும் தையல். ஆரஞ்சில் நெருக்கமாகப் போட்டால் வால் கணுக்கணுவாகத் தெரியும். கண்ணாடிக்கும் கட்டத்தின் கோட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில், பச்சையில் காஜாத் தையலைப் பற்கள் வெளியே பார்க்கும்படி வரிசையாகப் போடுங்கள். பட்டையில் கண்ணாடி இல்லாத முக்கோணங்களில் மூன்று மூன்று குட்டி நேர்த்தையல்கள் போதும். தேளைச் சுற்றியுள்ள கறுப்பு வெளியை விட்டுவிடுங்கள். அந்தக் கறுப்பு இருந்தால்தான் உருவம் நிற்கும்.

ஒரு நிறத்தை எங்கே வைத்தீர்களோ அதே ஒழுங்கில் அது திரும்பத் திரும்ப வர வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தொடங்கினால் பட்டை முழுவதும் அதே வரிசை. கோடு சுதந்திரமாகப் போகும், நிறம் தாளம் தப்பாது.

பகியா

ரபாரி வேலையில் வெளியார் அதிகம் கவனிக்காத அழகு ஒன்று உண்டு. பெண்களின் ரவிக்கையிலும் ஆண்களின் கேடியுனிலும் துணிகள் இணையும் தையல்வாய்களின் மேல் ஓடும் அலங்காரக் கெட்டித்தையல் அது. இதைப் பகியா என்பார்கள். ஓரத்தை உள்ளே மடித்து 24 செ.மீ. சதுரமாக்கி, பின்புறம் லைனிங் துணி வைத்து மூடிய பிறகு, மடிப்பை ஒட்டி இரண்டு வரிசைக் கெட்டித்தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் முந்தையது முடிந்த துளைக்கே திரும்பி வர வேண்டும். முதல் வரிசை வெள்ளை. இரண்டாவது, அதிலிருந்து 3 மி.மீ. உள்ளே, ரோஜா நிறம். பொறுமை இருந்தால் இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் நூலைக் குத்தாமல், மேலும் கீழும் கோத்துச் செல்லலாம்.

துவைக்கும்போது பச்சைத் தண்ணீர், மென்மையான சோப்பு, முறுக்காமல் நிழலில் விரித்துக் காயவைத்தல். இஸ்திரி பின்புறம் மட்டும், அடியில் தடித்த துண்டு விரித்து.

வாங்குகிறவர்களுக்கு

பூஜ் பக்கம் போகிறவர்கள் அஜ்ரக்பூரில் உள்ள ‘லிவிங் அண்ட் லேர்னிங் டிசைன் சென்டர்’ அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். 1969-ஆம் ஆண்டு வறட்சியின்போது தானேட்டி கிராமத்தில் சந்தாபென் ஷ்ராஃப் தொடங்கிய ‘ஷ்ருஜன்’ அமைப்பின் முயற்சி அது. கட்ச்சின் தையல் மரபுகளை அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடையில் ஒரு துணியை எடுத்தால் உடனே திருப்பிப் பின்புறம் பாருங்கள். கைவேலையில் ஒவ்வொரு முழ நூலுக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் தெரியும். கண்ணிகள் அளவில் மிக லேசாக மாறும். மெஷினில் நூல் முடிவில்லாமல் ஒரு உருவத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவி ஓடும். கண்ணாடியைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்க வேண்டும். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைகளை ஒட்டிய சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் செய்யும் கண்ணாடித் தையலையும் சிலர் ‘கட்ச் வேலை’ என்று சொல்லி வாங்குகிறார்கள். அது வேறு மக்களின் வேறு மரபு. அதற்கு உரிய பெயரிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். அதேபோல, நீங்கள் தைத்ததை விற்கும் நாள் வந்தால் ‘ரபாரித் தையல்’ என்று சீட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பெயர் அந்தப் பெண்களின் பிழைப்பு.

இரண்டாவது துண்டு

தேள் முடிந்ததும் அடுத்த துணிக்குச் சாக்கட்டியை எடுக்க வேண்டாம். ஒட்டகத்தைத் தொடங்குங்கள். திமிலிலிருந்து கழுத்துக்கு ஒரே கோடு. வயிற்றுக்கு மூன்று வட்டங்கள், திமிலுக்கு ஒரு முக்கோணம். கால்கள் குட்டையாகிவிட்டால் பிரிக்காதீர்கள், அதைக் குட்டி என்று வைத்துக்கொண்டு பக்கத்தில் தாயைத் தைத்துவிடுங்கள்.